தட்டத்தில் வளர்ந்த மேப்பிள்

ஜப்பானியர் மேப்பிள் மரத்துக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'கயேதே' என்பதாகும். 'தவளைக்கை' எனப் பொருள்படும் பழஞ்சொல் ஒன்று நாளடைவில் தேய்ந்து இவ்வாறாயிற்று என்பர். விரல் விரித்த தவளையின் கையைப் போல் அதன் இலை பிளவுபட்டிருப்பதே இப்பெயருக்குக் காரணம். 1775ஆம் ஆண்டு டச்சு வணிகக் குழுவின் மருத்துவராக நாகசாகித் துறைமுகத்துக்கு வந்த சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் துன்பர்க், அதே இலையில் மனிதனின் உள்ளங்கையைக் கண்டார். 1784இல் வெளியான தம் நூலில் அவர் இம்மரத்துக்குச் சூட்டிய இலத்தீன் பெயர் உள்ளங்கையைச் சுட்டுவதாகவே அமைந்துள்ளது. தவளையின் கையோ, மனிதனின் கையோ, பெயரிட்டோர் இருவரும் கையையே நினைத்தனர். இம்மரத்தின் பிற்கால வரலாற்றை நோக்குங்கால் அஃது எத்துணைப் பொருத்தம் என்பது புலப்படும்.

காட்டில் பத்து மீட்டர் வரை உயரக்கூடிய இம்மரம், ஆழமற்ற ஒரு தட்டத்தில் முழங்கை உயரமே உடையதாய், ஆயினும் அகன்ற அடிமரமும் பரந்த கிளைகளும் கொண்டு நூறாண்டு வாழ்வதுண்டு. இக்கலையையே உலகம் 'போன்சாய்' என வழங்குகிறது. 'போன்' என்பது தட்டம். 'சாய்' என்பது நடுதல். 1878இல் பாரிஸ் மாநகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் ஜப்பானியர் இத்தகு மரங்களைக் காட்சிக்கு வைத்தனர். அவற்றைக் கண்ட ஐரோப்பியருள் வியந்தோரும் உளர். மரத்தைப் பட்டினியிட்டு வதைக்கும் செயல் என்று முகஞ்சுளித்தோரும் உளர். இவ்விரண்டாம் கருத்து இன்றளவும் முற்றிலும் மறையவில்லை. அது சரியா, தவறா என்பதை அறிய, போன்சாய் மரங்களிலெல்லாம் மேப்பிளையே எடுத்து ஆராய்தல் தகும். ஏனெனில் மற்ற மரங்களுக்கு மலையும் காற்றும் துணை செய்தன. மேப்பிளுக்கோ பெரும்பாலும் மனிதனின் கை ஒன்றே துணை.

இக்கலையின் வேர் சீனத்தில் உள்ளது. சியான் நகருக்கு அண்மையில் தாங் அரசமரபைச் சேர்ந்த இளவரசர் ஒருவரின் கல்லறை 1971ஆம் ஆண்டு முதல் அகழப்பட்டது. 706ஆம் ஆண்டில் அமைந்த அக்கல்லறையின் சுவரோவியத்தில், சிறு பாறையும் சிறு செடியும் அமைந்த தட்டம் ஒன்றைப் பணியாளர் ஏந்தி வருகின்றார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே மரமும் மலையும் தட்டத்துள் அடங்கின என்பதற்கு இவ்வோவியம் சான்று. புத்த சமயத்தோடும் பிற கலைகளோடும் இவ்வழக்கம் ஜப்பானுக்குச் சென்றது. 1309இல் வரையப்பட்ட 'கசுகா' ஓவியச் சுருளில் தட்டத்து மரங்கள் தெளிவாகக் காட்டப்பட்டுள்ளன. கோக்கன் ஷிரென் (1278-1346) என்னும் ஜென் துறவி தட்டத்துச் சிறுநிலக் காட்சியைப் பற்றித் தனியாக ஒரு நூலே யாத்தார்.

ஜப்பானிய மரபில் தட்டத்து மரத்தின் மேன்மையைச் சொல்லும் புகழ்மிக்க கதை 'ஹாச்சினொகி' என்னும் 'நோ' நாடகத்தில் உள்ளது. பனி கொட்டும் ஓர் இரவில், வறுமையுற்ற வீரன் ஒருவனின் குடிசைக்கு வழிப்போக்கத் துறவி ஒருவர் வருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை. வீரனிடம் எஞ்சியிருந்த செல்வம் பிளம், செர்ரி, பைன் ஆகிய மூன்று தொட்டி மரங்களே. விருந்தினர் குளிரில் நடுங்குவதைக் காணப் பொறாமல் அவன் அம்மூன்றையும் வெட்டி எரிக்கிறான். துறவியாக வந்தவர் நாட்டை ஆண்ட ஹோஜோ டோக்கியோரி என்பது பின்னர்த் தெரிய வருகிறது. அம்மூன்று மரங்களின் பெயர்களையும் தம் பெயரில் கொண்ட மூன்று ஊர்களை அவர் அவனுக்குப் பரிசாக அளிக்கிறார். முல்லைக்குத் தேரீந்தவனைப் போற்றும் மரபில் வந்தோர்க்கு இக்கதை உடனே உள்ளத்தில் பதியும். அங்கே கொடிக்காகத் தேர் போயிற்று. இங்கே மனிதனுக்காக மரம் போயிற்று. ஆனால் எரிக்கப்பட்ட மூன்றனுள் மேப்பிள் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மேப்பிளை அக்கால ஜப்பானியர் அறியாதவர் அல்லர். இலையுதிர் காலத்தில் செம்மை படர்ந்த மலைகளைக் காணக் கூட்டமாகச் செல்வது அரசவையினரின் பழைய வழக்கம். பதினோராம் நூற்றாண்டுப் புதினமாகிய 'கெஞ்சி கதை'யில் ஓர் இயலின் பெயரே இச்செவ்விலையைச் சார்ந்து அமைந்துள்ளது. எனினும் தட்டத்து மரம் என்றவுடன் அவர்கள் நினைவுக்கு முதலில் வந்தது பைனே. காரணம் எளிது. பாறை இடுக்கில் முளைத்த பைன், பனியாலும் புயலாலும் முறுக்கப்பட்டு, நூறாண்டு கழிந்தும் முழங்கால் உயரமே வளர்ந்து நிற்கும். அதனைப் பெயர்த்துக் கொணர்ந்து தொட்டியில் வைத்தால் கலையின் பெரும்பகுதி முன்பே முடிந்துவிட்டது. மூன்றாம் ஷோகன் இயெமிட்சு (1604-1651) போற்றி வளர்த்ததாகச் சொல்லப்படும் ஐயிதழ்ப் பைன் ஒன்று இன்றும் டோக்கியோ அரண்மனையில் பேணப்படுகிறது. மேப்பிளோ ஈரமும் நிழலும் நிறைந்த மலைச்சரிவில் நெடிது வளரும் மரம். புயல் அதனைச் சிற்பமாக்கித் தருவது அரிது.

எடோ காலத்தின் நீண்ட அமைதியில்தான் மேப்பிளுக்கு வாழ்வு வந்தது. போரற்ற இரண்டரை நூற்றாண்டில் பிரபுக்கள் மட்டுமன்றி நகர வணிகரும் செடி வளர்ப்பில் ஈடுபட்டனர். எடோ நகரை அடுத்த சோமெய் என்னும் சிற்றூரில் இத்தோ இஹெய் என்ற பெயரைத் தலைமுறைதோறும் தாங்கிய தோட்டக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அக்குடும்பத்தார் 1710இல் வெளியிட்ட நூலில் 36 வகை மேப்பிள்களுக்குப் பெயரும் படமும் தந்தனர். இலையின் பிளவு, தளிரின் நிறம், இலையுதிர்காலச் செம்மை எனச் சிறுசிறு வேற்றுமைகளும் பெயர் பெற்றன. ஒரு மரத்தின் 36 வகைகளை வேறுபடுத்தி அறியும் மக்கள் அதனை எவ்வளவு அருகிலிருந்து பார்த்திருத்தல் வேண்டும்!

அடுத்த திருப்பம் கடல் கடந்து வந்தது. எட்டாம் ஷோகன் யோஷிமுனே ஆட்சி செய்த 1716-1745 காலத்தில் சீனத்திலிருந்து மூன்று மடல் இலையுடைய மேப்பிள் ஒன்று ஜப்பானுக்குக் கொணரப்பட்டது. ஜப்பானியர் அதனைச் 'சீன மேப்பிள்' என்றே அழைத்தனர். ஜப்பானிய மலைகளில் இயற்கையாக வளராத மரம் அது. ஆகவே, மலையில் தேடிப் பெயர்த்தெடுத்த முதுமரம் என்பது இவ்வகையில் அங்கு இருக்க வழியில்லை. இன்று கண்காட்சிகளில் முதுமையின் வடிவாய் நிற்கும் ஒவ்வொரு மும்மடல் மேப்பிளும் ஒரு காலத்தில் எவரோ ஒருவரின் தோட்டத்தில் நாற்றாகவோ, போத்தாகவோ, பதியனாகவோ இருந்ததே. விரைந்து பருக்கும் இயல்பும், வெட்டினால் சளைக்காமல் துளிர்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. இளமரத்தை வடிவமைக்கும் கலைக்கு அதனினும் ஏற்ற மாணவன் கிடைத்தல் அரிது.

இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர் கண்டறிந்த முறையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இறக்கை முளைத்த மேப்பிள் விதை இலையுதிர் காலத்தில் முற்றுகிறது. குளிர்காலம் முழுதும் ஈர மணலில் குளிர்ந்து கிடந்தாலன்றி அது செவ்வனே முளைப்பதில்லை. இளவேனிலில் நாற்று தலைகாட்டியபின் தோட்டக்காரரின் கண் முதலில் செல்வது இலைக்கன்று, வேருக்கு. மொட்டு விரிவதற்குச் சற்று முன்னர் நாற்றைப் பெயர்த்து, நேர்கீழே இறங்கும் ஆணிவேரை நறுக்கிவிடுவர். பின்னர்ப் பக்கவேர்களைச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் நாற்புறமும் பரப்பி, அடியில் ஓர் ஓடு அல்லது பலகை வைத்து நடுவர். கீழே செல்ல வழியற்ற வேர் பக்கவாட்டில் ஓடும். ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வேர்கள் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மண்ணைப் பற்றிய கால்போல் மேலே தெரியும். ஜப்பானியர் இதனை 'நெபாரி' என்பர். ஒரு மேப்பிளின் தகுதியை மதிப்பிடுவோர் முதலில் குனிந்து பார்ப்பது இதனையே. நாற்றுப் பருவத்தில் ஒரு நாள் காலைப்பொழுதில் செய்த வேலை, அறுபது ஆண்டு கழித்து மதிப்பெண் பெறுகிறது.

அடுத்து அடிமரம் பருத்தல் வேண்டும். இங்கேதான் பட்டினிக் குற்றச்சாட்டு பொய்யாகிறது. இளமேப்பிளைத் தட்டத்தில் அடைத்து வைத்தால் அது குச்சியாகவே நிற்கும், பருக்காது. ஆதலால் அதனை நிலத்திலோ பெருந்தொட்டியிலோ நட்டு, நீரும் உரமும் குறைவற அளித்து, சில ஆண்டுகள் விருப்பம்போல் ஓங்கவிடுவர். சில வேளைகளில் மனித உயரத்தையும் தாண்டும். அடிமரம் போதிய பருமன் எய்தியதும் ஒருநாள் வாளெடுத்து, அடியிலிருந்து சிறிது உயரத்தில் அறுத்துவிடுவர். காண்போர் நெஞ்சு பதைக்கும். வெட்டுவாயை ஒட்டிக் கிளைக்கும் தளிருள் ஒன்றைத் தேர்ந்து புதிய தலைமைத் தண்டாக்குவர். அதுவும் பருத்ததும் முன்னதினும் குறுகிய அளவில் வெட்டுவர். இவ்வாறு மும்முறை நான்முறை வெட்டி வளர்த்தால் அடி பருத்து நுனி சிறுத்த, நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் தோற்றம் கிட்டும். தென்சீனத்துக் குவாங்சோ வட்டாரக் கலைஞர் கம்பியை நம்பாமல் பெரிதும் இவ்வெட்டி வளர்க்கும் முறையையே தங்கள் தனி மரபாகக் கொண்டனர்.

பெருவெட்டு எதுவும் மரத்தின் முன்முகத்தில் அமையலாகாது. வெட்டுவாயில் களிம்பு பூசி ஈரம் காப்பர். மேப்பிளின் பட்டை விளிம்பிலிருந்து சுருண்டு வந்து, ஆண்டுக்குச் சிறிதாய்ப் புண்ணை மூடும். மூடாத புண்ணில் நீர் தங்கினால் உள்மரம் உளுத்துப்போகும். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் பட்டுப்போன கிளையை வெண்மையாய் விட்டு அதனையே அழகெனக் காட்டலாம். மேப்பிளில் அஃது எடுபடாது. ஆறிய மரமே அழகிய மேப்பிள்.

கிளைகளைப் பொறுத்தவரை மேப்பிளுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. அதன் மொட்டுகள் எதிரெதிராக இரண்டிரண்டாய்த் தோன்றும். இரண்டையும் விட்டால் மரம் சிலுவைகளை அடுக்கியதுபோல் ஆகும், அவ்விடமும் வீங்கிப்போகும். எனவே இடம் நோக்கி ஒன்றைக் களைந்து ஒன்றைக் காத்தல் வேண்டும். கிளையின் போக்கை மாற்றப் பழங்காலத்தில் கயிறும் மூங்கிற் சிம்பும் பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் செப்புக்கம்பி பரவலாயிற்று. பின்னர் அதனினும் மெல்லிய அலுமினியக் கம்பியும் வந்தது. கம்பியைச் சுற்றிக் கிளையை மெல்ல வளைத்துச் சில திங்கள் விட்டால் கிளை அவ்வடிவிலேயே நிலைக்கும். ஆயின் மேப்பிள் விரைந்து பருக்கும் மரம். கம்பியைக் கழற்ற இரண்டொரு வாரம் தாமதித்தாலும் அது பட்டைக்குள் பதிந்துவிடும். பைனின் செதிள் பட்டை நாளடைவில் அத்தவற்றை மறைத்துக்கொள்ளும். மேப்பிளின் வழுவழுப்பான பட்டையிலோ திருகுத் தழும்பு பல்லாண்டு நிற்கும். வளர்த்தவர் மறந்துபோன ஒரு கோடைகாலத்தை மரம் மறப்பதில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது தமிழர் பழமொழி. மேப்பிள் வளர்ப்போர் இதனைப் பாதியே ஏற்பர். வேரும் அடிமரமும் ஐந்துக்குள் அமைந்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஐம்பது வயது மேப்பிளின் கிளைகளை அறவே நீக்கிப் புதுக்கிளை வளர்த்துப் புத்துருவம் தந்த தோட்டக்காரர் பலர்.

வடிவம் ஓரளவு அமைந்த பின்னரே மரம் தட்டத்துக்கு வருகிறது. அதன்பின் வேலை நகநுனி வேலையாகிறது. இளவேனிலில் முதலிரண்டு இலைகள் விரியும்போதே நடுவிலுள்ள இளங்குருத்தைக் கிள்ளிவிடுவர். இதனால் கணுக்களின் இடைவெளி குறுகும். முதுவேனிலின் தொடக்கத்தில், நல்ல வலிவுள்ள மரமாயின், காம்பை விட்டு இலைகளை மட்டும் கத்தரிப்பர். மீண்டும் துளிர்க்கும் இலை சிறிதாகவும் சிறுகிளைகள் நுண்ணிதாகவும் அமையும். நலிந்த மரத்துக்கு இதனைச் செய்தால் அதன் உயிருக்கே கேடு. இளமரத்துக்கு ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேரைக் கவாத்து செய்து மண் மாற்ற வேண்டும். கோடையில் நாளுக்கு இருமுறையேனும் நீர் ஊற்ற வேண்டும். நீர் ஊற்றப் பழக மூன்றாண்டு என்பது ஜப்பானியத் தோட்டங்களில் வழங்கும் சொல். முதற்பார்வைக்கு மிகையெனத் தோன்றும். ஆயினும் ஒரே நாள் நண்பகலில் தவறிய ஒரு குவளை நீர் நூறாண்டு மரத்தை மாய்க்கக்கூடும் என்பதை எண்ணின் மூன்றாண்டு குறைவே.

இத்துணை நாள்தவறா உழைப்பை வேண்டும் கலை, நாட்டுக்குப் பேரிடர் வரும்போது என்னாகும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டு விடை தந்தது. 1923 செப்டம்பர் முதல் நாள் நண்பகலில் கந்தோ நிலநடுக்கம் டோக்கியோவையும் யோக்கஹாமாவையும் உருக்குலைத்தது. அதனாலும் தொடர்ந்த தீயினாலும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டோக்கியோவின் டாங்கோசாக்கா வட்டாரத்துப் போன்சாய்த் தோட்டக்காரர் சிலர், நகரில் இனி மண்ணும் நீரும் காற்றும் போதாவெனக் கண்டு, வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓமியாவுக்குப் பெயர்ந்தனர். 1925இல் அங்கே போன்சாய் ஊர் உருவாயிற்று. அங்குக் குடியேற விரும்புவோர்க்குச் சில விதிகளை அவர்கள் வகுத்தனர். பத்து மரங்களுக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும், வருவோர்க்குக் கதவு திறந்திருத்தல் வேண்டும், மாடி கட்டலாகாது, வேலி உயிர்வேலியாய் இருத்தல் வேண்டும். மரத்தை முன்னிட்டு மனிதர் தம் வீட்டின் உயரத்தைக் குறைத்துக்கொண்ட ஊர் உலகில் வேறு உண்டோ தெரியவில்லை. 1934இல் டோக்கியோவின் உவெனோ கலைக்கூடத்தில் 'கொக்குஃபு' எனப்படும் பெருங்கண்காட்சி தொடங்கியது. தோட்டத்தில் கிடந்த மரம் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் நிகரான இருக்கை பெற்றது.

அடுத்து வந்தது போர். இளைஞர் படைக்கும் தொழிற்சாலைக்கும் இழுக்கப்பட்டனர். போர்க்காலத்தில் மரம் வளர்ப்பது வீண் ஆடம்பரம் எனப்பட்டது. நீர் ஊற்றக் கையின்றி மரங்கள் பட்டன. ஓமியாவில் தோட்டங்கள் பல மூடப்பட்டன. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது, அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்தில், சுவரின் மறைவில் நின்ற ஒரு பைன் மரம் பிழைத்தது. அம்மரம் 1976இல் அமெரிக்காவின் இருநூறாம் ஆண்டு விழாவுக்கு ஜப்பான் அளித்த 53 போன்சாய்களுள் ஒன்றாக வாஷிங்டன் சென்றது. அது கடந்து வந்த கதை 2001இல் அக்குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் அங்குச் சென்றபோதுதான் வெளிப்பட்டது. குண்டு வீசிய நாட்டுக்கே அம்மரத்தைக் கொடுத்தவர் அதனைப் பற்றி ஒரு சொல்லும் விளம்பரப்படுத்தவில்லை.

அந்த 53 மரங்களுள் இளவரசர் தக்கமட்சு அளித்த மும்மடல் மேப்பிள் ஒன்றும் உண்டு. அதன் பயிற்சி 1895இல் தொடங்கியதாகக் குறிக்கப்பட்டுள்ளது. போன்சாய்க்கு வயது கூறும் முறை இங்கே கவனிக்கத்தக்கது. முளைத்த ஆண்டைச் சொல்வதில்லை. அது பெரும்பாலும் தெரியாது. மனிதனின் கைப்பட்ட ஆண்டையே பலகையில் பொறிக்கின்றனர். 1895இல் அம்மரத்தின் கிளையை முதலில் வளைத்த கை எவருடையது என்பதைப் பலகை சொல்லவில்லை.

போருக்குப்பின் இக்கலை ஜப்பானியரின் உடைமை என்னும் எல்லையையும் கடந்தது. யூஜி யோஷிமுரா (1921-1997) 1952இல் டோக்கியோவில் வெளிநாட்டவரும் பயிலத்தக்க வகுப்பைத் தொடங்கினார். 1957இல் அவரும் ஜியோவன்னா ஹால்ஃபோர்டு என்னும் மாணவியும் சேர்ந்து எழுதிய ஆங்கில நூல் பல நாடுகளில் முதற்பாடமாயிற்று. ஓமியாவின் சபுரோ கத்தோ (1915-2008) உள்ளிட்டோரின் முயற்சியால் 1989இல் முதல் உலகப் போன்சாய் மாநாடு அவ்வூரிலேயே கூடியது. மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளிலும் கலை வேரூன்றியது, மேப்பிள் வேரூன்றவில்லை. குளிர்கால உறக்கமின்றி அம்மரம் நலிந்துபோகும் ஆதலின், இந்நாடுகளின் தோட்டக்காரர் நீர்மல்லியையும் காகிதப்பூவையும் ஆலின் இனங்களையும் கையாண்டு அதே முறைகளைப் பயின்றனர்.

ஓமியாவில் 1930களில் முப்பதுக்கும் மேற்பட்டிருந்த தோட்டங்கள் பின்னர் விரல்விட்டு எண்ணத்தக்கனவாய்க் குறைந்தன. 2010இல் அங்கே போன்சாய்க்கென ஓர் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. அரும்பொருளகம் திறக்கப்படுவது ஒரு கலைக்குப் பெருமையா, எச்சரிக்கையா என்பதில் இரு கருத்துக்கு இடமுண்டு. நாற்று நடுபவர் அதன் நிறைவைத் தம் வாழ்நாளில் காண்பதில்லை. அடுத்து ஏற்பவர் ஒருவர் இல்லையெனில் ஐம்பதாண்டு உழைப்பும் ஒரு கோடையில் காய்ந்துவிடும்.

உவெனோவின் கண்காட்சி இப்போது பிப்ரவரித் திங்களில் நடைபெற்று வருகிறது. மேப்பிளின் புகழெல்லாம் செவ்விலையில்தான் என நினைத்துச் செல்வோர் அங்கே ஏமாறுவர். கடுங்குளிர்ப் பருவமாதலின் ஓரிலையும் இல்லாமல், சாம்பல் நிறக் கிளைகளோடு அது நிற்கும். பரப்பிய வேரும், ஆறிய வெட்டும், களையாது விட்ட இணைமொட்டின் வீக்கமும், ஏதோ ஒரு கோடையில் கழற்ற மறந்த கம்பியின் திருகுத் தழும்பும் அப்போது ஒருங்கே தெரியும். மதிப்பிடுவோர் குனிந்து அடிவேரிலிருந்து பார்வையைத் தொடங்குவர்.